வெங்காயக் கொட்டிலில் வாசித்த இரண்டு புத்தகங்கள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஏழு பேரை. வயிற்றில் சுமந்தவர்கள் ஐந்து பேர், மவுத்தாகிப் போன என் தங்கச்சி விட்டுப் போனவர்கள் இரண்டு பேர். எவர் என் வயிற்றுப் பிள்ளை, எவர் தங்கச்சியின் பிள்ளை என்று வெளியாள் பார்த்துச் சொல்ல முடியாதபடி வளர்த்தேன். ஏழு பேருக்கும் ஒரே சட்டியில் சோறு, ஒரே கையால் அடி. பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி பஸ் போர்டு வாசிப்பேன். மருந்துப் பெட்டியில் காலை, மாலை என்று எழுதியிருப்பதை வாசிப்பேன். அதற்கு மேல் உள்ளதை எனக்கு வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இருக்கிறது. இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. ராசாக்களும் ஆள் வைத்துத்தான் வாசிக்கக் கேட்டார்களாம்.

எங்கள் தோட்டம் நுரைச்சோலைப் பக்கம். மணல் நிலம், சின்ன வெங்காயம். அறுவடை முடிந்து காய்ந்த வெங்காயத்தைத் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலுக்குள் குவித்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து தாள் வெட்டி வேர் கிள்ளுவோம். கடகம் என்கிற ஓலைக் கூடைக் கணக்குக்குக் கூலி. கொட்டில் என்னுடையது என்றாலும் நானும் உட்கார்ந்து வெட்டுவேன். முதலாளியம்மா என்று கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற வழக்கம் எனக்கில்லை.

அந்தக் கொட்டிலில் ஒரு முறை உண்டு. ஒருத்தி புத்தகம் வாசிப்பாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு வெட்டுவோம். வாசிக்கிறவளின் கை வேலை செய்யாது, அவளுக்குக் கூலி எங்கிருந்து வரும்? ஒவ்வொருத்தியும் தன் கடகத்திலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் கடகத்தில் போடுவோம். கதை பிடித்தால் பிடி பெரிதாகும். பிடிக்காவிட்டால் கை தானாகச் சும்மா இருந்துவிடும். அவள் கடகம் நிரம்பவில்லை என்றால் மறுநாள் வேறு புத்தகம். யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் போகத்தில் வாசித்தவள் என் மூத்த மகனின் மகள். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். நூலகத்தில் இருந்து தலையணை மாதிரி ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். கடலுக்கு அடியில் ஒரு ராச்சியம். அங்கே ஒரு குருட்டு ராசா. அவனுக்குக் கண் தேடி ஒரு ஜின் கரைக்கு ஏறி வரும். அதற்கு ஏழு கை, ஒவ்வொன்றிலும் ஒரு ஆயுதம். அதை எதிர்க்க ஒரு ராசகுமாரி வேளாச்சுறாவின் முதுகில் ஏறி வருவாள். சுறாவின் வாள் மூக்கு தோணிகளை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். பக்கத்துக்குப் பக்கம் தலை உருளும்.

எனக்கு அந்தப் புத்தகம் உயிர்.

"மகள், இன்டைக்கு எத்தின தல?" என்று கேட்டுக்கொண்டுதான் உட்காருவேன்.

"பதினேழு உம்மும்மா. ஒராள்ட கையும் போகுது."

"கை கணக்கில சேராது" என்பாள் ஆலங்குடாவில் இருந்து வேலைக்கு வரும் பெண். அவள் வாய்க்குப் பூட்டில்லை. "முதலாளியம்மாவுக்குத் தலைதான் வேணும். கொட்டிலுக்குள்ள நம்மட தல பத்திரமா இரிக்கிதா எண்டு பாத்துக்கோங்கடி."

அவ்வளவு வெட்டுக்கும் எங்களில் ஒருத்திக்கும் கண் கலங்கியதில்லை. வெங்காயத்துக்குக் கலங்கியதுதான். அந்தக் கதையில் வெட்டுப்படுகிறவனை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அவன் வீட்டுத் தரையை யாரும் கழுவுவதில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. ஏனென்றால் என் வீட்டுத் தரையை நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

என் கடைசி மகனுக்கு இருபத்தாறு வயதில் அது வந்தது. என்ன காரணம் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். காரணம் ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளை, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவன், கலியாணம் முடித்து ஒரு பெண் பிள்ளையும் பிறந்திருந்தது. ஒரு நாள் பைப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து, கரையில் நிற்கிற காற்றாடிகள் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகின்றன என்றான். கரண்ட் எடுக்க நட்டு வைத்திருக்கிறார்களே, அந்தப் பெரிய காற்றாடிகள். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்தக் கிழமையே அலுமாரிக் கண்ணாடியைத் தலையால் முட்டி உடைத்தான். பிறகு அவன் அடியில் அவன் பெண்சாதியான என் மருமகளின் பல் போனது. பிறகு மூத்தவனின் மோட்டார் சைக்கிளைக் கிணற்றுக்குள் தள்ளினான். பள்ளிவாசல் மௌலவி அப்போதே சொன்னார், இது ஆஸ்பத்திரிக்குக் காட்டுகிற வருத்தம் என்று. காட்டினோம். குளிசை தந்தார்கள். போட்டால் நாக்குத் தடிக்கிறது என்று அவன் துப்பினான். சில மாதம் நன்றாக இருப்பான், பிறகு உடைப்பான்.

ஜின் கதை வாசித்த போகத்தில் அவன் சத்தமில்லாமல் இருந்தான். அது எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. எங்கே போகிறான் என்று கேட்கவில்லை.

ஒரு காலையில் கோழிக்கூட்டைத் திறந்தால் ஒரு கோழிக்கும் உயிரில்லை. எல்லாவற்றின் கழுத்தும் திருகிக் கிடந்தது. கண்களைத் தோண்டி எடுத்து மதில் மேல் வரிசையாக வைத்திருந்தான். எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் குந்திக்கொண்டு காகங்களை விரட்டினான்.

"என்னடா இது?"

"கண் கேக்கிறான் உம்மா. இவ்வளவு காணாதாம்."

மருமகள் அப்போது பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவன் திரும்பிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். வேறு ஒன்றும் செய்யவில்லை, பார்த்தான். மருமகள் பாதி பின்னிய தலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். உள்ளே இருந்தே சொன்னாள், "மாமி, நான் உம்மா வீட்ட போறன். வண்ணாத்திவில்லுக்குப் போனா திரும்பி வரமாட்டன்."

"ரெண்டு நாள் பொறு" என்றேன். "ஆள் வருது."

கரையோரத்தில் வடக்கே இருந்து பேயோட்டுகிற ஒரு ஆளை மூத்தவன் கூட்டிவந்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண் கேட்கிற ஒன்றை வேறு எப்படி விளங்கிக்கொள்வது? இந்தக் கரையில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம். முற்றத்துத் தென்னையில் அவனைக் கட்டினார்கள். சாம்பிராணி போட்டார்கள். அந்த ஆள் பையில் இருந்து திருக்கை வாலை எடுத்தான். திருக்கை மீனின் வாலைக் காயவைத்து எடுத்த சவுக்கு அது. முள்ளை நீக்கினாலும் தோல் அரம் மாதிரி இருக்கும். ஒரு அடிக்குச் சட்டை கிழிந்தது. இரண்டாவதுக்கு முதுகு.

"பேரச் சொல்லு. யார் நீ? எங்க இருந்து வந்த?"

அடி. என் மகன் பல்லைக் கடித்தான். கயிறு தென்னையில் தேய்கிற சத்தம் கேட்டது.

"சொல்லாட்டி வால் தேயிற வரைக்கும் அடிப்பன். பேரச் சொல்லு."

அடி, அடி. இரத்தம் இடுப்புச் சாரத்தின் மடிப்பில் இறங்கியது. அப்போது அவன் வாயைத் திறந்து ஒரு பேரைச் சொன்னான். நீளமான, ராச்சியத்துப் பேர். கடலுக்கு அடியில் இருந்து வந்ததாகவும் ராசாவுக்குக் கண் வேண்டும் என்றும் சொன்னான்.

அந்த ஆள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டீங்களா? கடல் ஜின். ராசாட ஆள். இது லேசில போகாது."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற கொட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பேத்திதான் முதலில் வாய் திறந்தாள்.

"உம்மும்மா, அது எங்கட புத்தகத்தில வாற ஜின்."

"பொம்பளப் பிள்ளைய உள்ள போகச் சொல்லுங்க" என்றான் அந்த ஆள்.

"அது கதைப் புத்தகம்" என்றாள் அவள் மூத்தவனிடம். "வாப்பா, நாலாம் அத்தியாயம். சின்னாப்பா கொட்டிலுக்குப் பின்னால இருந்து கேட்டிரிக்காரு."

"ஜின்னுக்குப் புத்தகத்துக்குள்ளயும் போகத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் மறுபடி ஓங்கினான்.

நான் முற்றத்துக்குள் போய் அந்த வாலைப் பிடித்தேன். உள்ளங்கை கிழிந்தது. அவன் இழுத்தான், நான் விடவில்லை. நான் வெங்காயம் பிடுங்கி வளர்ந்தவள். வால் என் கைக்கு வந்ததும் அவன் முன்னங்கையில் ஒரே ஒரு அடி கொடுத்தேன். அவன் கத்திய கத்தல் ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

"உன்ட பேர் என்ன?" என்று கேட்டேன். "சொல்லு, யார் நீ, எங்க இருந்து வந்த?"

ஆலங்குடாக்காரி வேலிக்கு அப்பால் சிரித்துவிட்டாள். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். அதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. என் மகனை அவிழ்த்து, முதுகில் தேங்காயெண்ணெய் தடவி, பாயில் குப்புறக் கிடத்தினேன். மருமகள் அவனுக்கு விசிறினாள். ஆனால் பிள்ளையைப் பக்கத்தில் விடவில்லை.

புத்தகத்தைப் பேத்தி நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாள். வாசிப்பே வேண்டாம் என்று மூத்தவன் கட்டளை போட்டான். வாய் மூடி வெங்காயம் வெட்டினோம். கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. காயம் ஆறி எழும்பியதும் என் மகன் கொட்டிலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான். கிடுகுக்கு அப்பால் அவன் மூச்சு கேட்கும். சற்று நேரத்தில் கிடுகில் தட்டுவான்.

"ஏன் நிப்பாட்டின? வாசி."

தட்டு குத்தாகும். ஒரு நாள் மண்வெட்டியால் கொட்டிலின் கூரையைத் தாங்கும் மூலைக் கப்பை வெட்டத் தொடங்கினான். கூரை ஒரு பக்கம் சரிந்து தூசி கொட்டியது. பெண்கள் கத்தியோடு வெளியே ஓடினார்கள். "வாசி, வாசி" என்று சொல்லிக்கொண்டே வெட்டினான்.

ஆகவே எதையாவது வாசிக்கத்தான் வேண்டும். எதை என்பதில்தான் சண்டை வந்தது.

பேத்தியிடம் இரண்டு புத்தகம் இருந்தது. ஒன்று, நான் கேட்டு எடுப்பித்தது. ஜின் இல்லை, கண் இல்லை, பறக்கிற கப்பலும் பாம்பு ராச்சியமும் மட்டும். மற்றது மெல்லிய புத்தகம். ஒரு ஊரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவருக்குப் புத்தி கலங்குகிறது. அவருடைய பெண்சாதி, ஒரு கிணறு, ஒரு பூட்டிய அறை. வேறு ஒன்றும் இல்லை. அதை எடுத்துவரச் சொன்னவள் என் மருமகள். ஏற்கனவே தனியாக வாசித்து முடித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"வீட்டில இரிக்கிறத கொட்டிலுக்குள்ளயும் கேக்கணுமா?" என்றேன். "கூலிக்கு வாற பொம்பளைகள். ரெண்டு மணித்தியாலம் எங்கயாவது போயிட்டு வரட்டும் எண்டுதான் வாசிக்கிறது."

"போயிட்டு வந்ததாலதான் கோழி செத்துச்சி மாமி."

இப்படி அவள் எனக்கு எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"உங்கட கதையில ஆயிரம் பேர் சாகிறாங்க" என்றாள். "ஒராளுக்கும் பயம் இல்ல. இதுல ஒருத்தி கதவப் பூட்டுறா, அவ்வளவுதான், எனக்குக் கை நடுங்குது. அவருக்கும் கேக்கட்டும். அவரப் பத்தி உலகத்தில ஒருத்தராவது எழுதியிரிக்காங்க எண்டு தெரியட்டும்."

"கேட்டு இன்னும் கூடினா?" என்றாள் ஆலங்குடாக்காரி. இந்த முறை அவள் குரலில் பகிடி இல்லை. "என்ட கூடப்பொறந்த நானா இப்பிடித்தான் இரிந்தாரு. கயிறெண்ட சொல்லையே வீட்டில சொல்லமாட்டம். சொல்லாமலே அவரு தேடிக்கிட்டாரு. வேணாம் மதினி, விடுங்க."

"சொல்லாமலே தேடிக்கிட்டாரு எண்டு நீங்களே சொல்லுறீங்க."

ஆலங்குடாக்காரி எழும்பி என் மருமகளின் கன்னத்தில் அறைந்தாள். மருமகள் அவள் கொண்டையைப் பிடித்தாள். இரண்டு பேரும் வெங்காயக் குவியலில் விழுந்து புரண்டார்கள். சருகு பறந்தது. ஒருத்தி கையில் கத்தி இருந்தது, அதை நான் காலால் மிதித்து வைத்திருந்தேன். பிரித்துவிட மூன்று பேர் வேண்டியிருந்தது. உதட்டில் இரத்தத்தோடு மருமகள் எழும்பினாள். தன் கடகத்தைத் தூக்கினாள். ஒரு பிடி அல்ல, காலையில் இருந்து வெட்டியது முழுவதையும் பேத்தியின் கடகத்தில் கவிழ்த்தாள். அது நிரம்பித் தரையில் உருண்டது.

"நிரம்பிட்டுது" என்றாள். "இத வாசி. இத வாசிக்காட்டி நான் பின்னேர பஸ்ஸுக்குப் பிள்ளையோட போறன்."

முறை என்றால் முறை. அதை வைத்தவர்கள் என் மாமியார் காலத்துப் பெண்கள். மெல்லிய புத்தகத்தை எடுத்துப் பேத்தியின் மடியில் வைத்தேன்.

மெல்லிய புத்தகம் என்றாலும் அது நகரவே நகராது. வாத்தியார் ஒரு பக்கம் முழுக்கச் சவரம் செய்வார். சவரக்கத்தியை எங்கே வைப்பது என்று இன்னொரு பக்கம் யோசிப்பார். எனக்குச் சலிப்பு. மற்றவர்களோ தாள் வெட்டுவதை மறந்து இருந்தார்கள். ஆலங்குடாக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள், வேலையை விட்டுப் போகவில்லை. கிடுகுக்கு அப்பால் சத்தமே இல்லை. தட்டு இல்லை, குத்து இல்லை.

ஒரு இடத்தில் வாத்தியார் தன் இரண்டு கைகளையும் மேசையில் வைத்துப் பார்க்கிறார். இந்தக் கைகளுக்குத் தான் பயப்படுவதை யாரிடம் சொல்வது, சொன்னால் கட்டிப் போடுவார்கள், சொல்லாவிட்டால் இவை தானாக எழும்பும் என்று நினைக்கிறார். பேத்தி அதை வாசித்து முடித்ததும் வாசல் இருண்டது. என் மகன் மண்வெட்டியோடு நின்றான்.

"திரும்ப வாசி" என்றான்.

வாசித்தாள். அவன் நின்றபடி கேட்டான். பிறகு மண்வெட்டியை வெளியே சாய்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தான். மருமகள் தலையை நிமிர்த்தாமல் வெங்காயம் வெட்டினாள். அன்று முதல் அவன் இடம் பின்னால் அல்ல, வாசல்.

நாலைந்து நாள் அப்படிப் போனது. வாத்தியார் ஒரு விடியற்காலையில் கிணற்றுக் கட்டில் ஏறி நிற்கிற இடம் வந்தது. பேத்தி என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் காட்டினேன், தாண்டிப் போ என்று. அவள் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, வாத்தியாரின் பெண்சாதி தேத்தண்ணி ஊற்றுகிற இடத்தில் தொடங்கினாள்.

"பக்கத்தப் பாய்ஞ்சிட்டா" என்றான் என் மகன்.

"இல்ல சின்னாப்பா."

"கெணத்தில நிண்டாரு. இப்ப எங்க? என்ன நடந்த? ஏன் பாயிற? எல்லாரும் ஏன் என்னப் பாயிறீங்க?"

எழும்பினான். பேத்தியின் கையில் இருந்த புத்தகத்துக்குப் பாய்ந்தான், அவள் பின்னால் சரிந்தாள். நான் நடுவில் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து மடக்கினான். காய்ந்த கமுகம் மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அது என் எலும்பு என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அவன் விடவில்லை. என்னைத் தள்ளி, கடகங்களை உதைத்து, கிடுகைக் கிழித்து, கையில் அகப்பட்ட தராசுக் கல்லைத் தூக்கினான். அதை எங்கே எறிவது என்று சுற்றிப் பார்த்தான். பெண்கள் மூலைக்கு ஒதுங்கியிருந்தார்கள். என் கை தொங்குவதை அவன் கண்டான்.

கல்லைக் கீழே வைத்தான். எறியவில்லை, வைத்தான். தன் கைகளைப் பார்த்தான்.

"நானாவக் கூப்பிடுங்க" என்றான். "கயிறு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இதக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்ப கொண்டு போங்க. பொறகு நான் மாட்டன் எண்டுவன்."

மூத்தவன் நீல நைலோன் கயிற்றோடு வந்தான். அழுதுகொண்டே கட்டினான். "இன்னும் இறுக்கு" என்று இவன் சொன்னான். வேன் ஒன்று பிடித்து ஒரே ஓட்டத்தில் இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள், கை முறிந்த என்னையும் கை கட்டிய அவனையும். பாதி வழியில் அவன் மாட்டேன் என்று தொடங்கினான். வேனின் கண்ணாடியைத் தலையால் மோதினான், மூத்தவனின் தோளைக் கடித்துச் சதையை எடுத்தான். டிரைவர் நிற்பாட்டப் பார்த்தார். "நிப்பாட்டாத மகன், ஓட்டு" என்றேன் நான். "ஓட்டச் சொன்னது அவன்தான்."

அவனை வார்டில் வைத்தார்கள். மருமகள் அன்று பின்னேர பஸ்ஸுக்குப் பிள்ளையோடு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. பயந்தவள் போகத்தான் வேண்டும்.

அவள் திரும்பி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வார்டில் அவனைப் பார்க்க விட்ட முதல் நாளே அவள் வந்தாள், பிள்ளை இல்லாமல், புத்தகத்தோடு. நான் கட்டுப் போட்ட கையோடு வாங்குப் பலகையில் இருந்தேன். அவன் முகம் ஊதி, நாக்குத் தடித்து, ஆனால் கண் நிலையாக இருந்தது. ஊசி போடத் தொடங்கியிருந்தார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"வாத்தியாருக்கு என்ன நடந்த?"

மருமகள் உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்தாள். வாத்தியார் கிணற்றுக் கட்டில் நிற்கிறார். கால் குளிரில் விறைத்துப் போகிறது. அப்படியே குந்துகிறார். விடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் அள்ள வந்து, கட்டுக்கு மேல இருக்காதீங்க வாத்தியார், வழுக்கும் என்று ஏசிவிட்டுப் போகிறாள். அவர் இறங்கி வீட்டுக்குப் போகிறார். அங்கே பெண்சாதி தேத்தண்ணி ஊற்றுகிறாள்.

"அவ்வளவுதானா?" என்றான் அவன்.

"அவ்வளவுதான்."

"இதுக்கா உம்மாட கைய ஒடச்சன்?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்தால் கை வலித்தது. அவன் சிரிக்கவில்லை, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது மாதம் ஒரு முறை ஊசி. தானே போய்ப் போட்டுக்கொள்கிறான். காற்றாடிகள் கூப்பிடுவது முற்றாக நிற்கவில்லையாம், தூரத்தில் கேட்குமாம், அவன் போகமாட்டானாம். மருமகள் அடுத்த நோன்புக்கு முன் பிள்ளையோடு வந்தாள். நிரந்தரமாகவா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளும் பிள்ளையும் படுக்கிற அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டாள். அதை அடித்துக் கொடுத்தவனே அவன்தான். வெட்டுக் கத்தியை அவன் தொடுவதில்லை. வெங்காயத்தின் வேரை விரலால் கிள்ளுவான்.

நான் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இன்னும் தலை உருள வேண்டும், சுறா பறக்க வேண்டும். பாம்பு ராச்சியத்தையும் பறக்கிற கப்பலையும் பிறகு வாசிக்க வைத்துக் கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது. சுமந்தவளுக்கு இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டும். ஆனால் அந்த மெல்லிய புத்தகத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதில் வாத்தியாருக்கும் ஒரு தாய் இருக்கிறாள். அவள் வேலை என்ன? கதவடியில் இருந்து அழுகிறாள். முதல் பக்கத்திலும் அழுகிறாள், கடைசிப் பக்கத்திலும் அழுகிறாள். அதை எழுதியவருக்குத் தாயைத் தெரியாது. நான் அழவில்லை. நான் அடித்தேன், அடி வாங்கினேன், வேனை ஓட்டச் சொன்னேன்.

ஆகையால்தான் இதைச் சொல்லச் சொல்லப் பேத்தியை எழுத வைத்தேன். முறிந்த கை சரியாகப் பொருந்தவில்லை, பேனை பிடிக்க வராது, வந்தாலும் மூன்றாம் வகுப்பு எழுத்து எத்தனை பக்கத்துக்குக் காணும்? மருமகள் அங்கங்கே "அது அப்பிடி இல்ல மாமி" என்று குசினியில் இருந்து திருத்தினாள். திருத்தியதில் பாதியை ஏற்றுக்கொண்டேன்.

வெளியாள் யாருக்கும் காட்டுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டியவன் ஒருவன் இருக்கிறான். கோழியையும் கண்ணையும் எழுதியிருக்கிறேன், திருக்கை வாலை எழுதியிருக்கிறேன், பிள்ளையின் முகத்தை அவன் பார்த்ததையும் எழுதியிருக்கிறேன். எதையாவது எடுக்கச் சொன்னால் எடுப்பேன். இது அவன் உடம்பில் நடந்தது. கூப்பிட்டேன். ஊசி போட்ட நாள், நடை மெதுவாக இருக்கிறது. வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளையும் வந்து, தாயை ஒருமுறை பார்த்துவிட்டு, அவனுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

"எடு மகள். தொடக்கத்தில இருந்து வாசி. மெதுவா வாசி. ஒரு வரியும் பாயாத."